பால் ஜார்ஜ் விட்டுப் போன ரெண்டு ஊர்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை மாற்றவில்லை; திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

2025 ஜூன் 23, திங்கட்கிழமை, காலை ஐந்தரை மணி. அலாரம் வெச்சு எழுந்து என்.பி.ஏ. ஃபைனல்ஸோட ஏழாவது மேட்ச் பார்த்தவங்க சில பேராவது இதைக் கேட்டுட்டிருப்பீங்க. அங்கே அது ஞாயிறு ராத்திரி. ஒரு பக்கம் ஓக்லஹோமா சிட்டி தண்டர், இன்னொரு பக்கம் இண்டியானா பேசர்ஸ். லாஸ் ஏஞ்சலஸ் இல்லை, நியூயார்க் இல்லை, பாஸ்டன் இல்லை, மயாமி இல்லை. அந்த லீக்ல 'சின்ன மார்க்கெட்'னு சொல்ற ஊர்கள்ல ரெண்டு. டிவிக்காரங்களுக்கு இது அவ்வளவு சந்தோஷமா இருந்திருக்காது. முந்தின வருஷத்தைவிடக் குறைவான பேர்தான் அந்தத் தொடரைப் பார்த்தாங்க.

அந்தத் தொடர்ல ஆடாத ஒருத்தரை வெச்சுத்தான் இன்னைக்கு ஆரம்பிக்கணும். பால் ஜார்ஜ்.

இவர் கலிஃபோர்னியாவுல பாம்டேல்ங்கற ஊர்க்காரர். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம். 2010 டிராஃப்ட்ல இண்டியானா இவரைப் பத்தாவது ஆளா எடுத்தது. அங்கேதான் பெரிய பிளேயர் ஆனார். 2014-ல காலை ரொம்ப மோசமா உடைச்சுக்கிட்டார். அந்த ஊர் காத்திருந்தது, திரும்பி வந்தார். 2017-ல டீம்கிட்ட தெளிவா சொல்லிட்டார்: அடுத்த வருஷம் கான்ட்ராக்ட் முடியுது, நான் இருக்கப் போறதில்லை, லேக்கர்ஸ் பக்கம் போகத்தான் ஆசை. சும்மா இழக்கறதைவிட ஏதாவது வாங்கிக்கலாம்னு இண்டியானா அவரை ஓக்லஹோமாவுக்கு அனுப்பிட்டு, பதிலுக்கு விக்டர் ஒலடிப்போவையும் டொமாண்டாஸ் சபோனிஸையும் வாங்கினாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு அதே சபோனிஸைக் கொடுத்துத்தான் டைரீஸ் ஹாலிபர்ட்டனை வாங்கினாங்க.

ஓக்லஹோமாவுல ஒரு வருஷம் ஆடினார் பால் ஜார்ஜ். 2018 கோடையில லேக்கர்ஸுக்குத்தான் போவார்னு உலகமே எழுதி வெச்சிருந்தது. போகலை! லேக்கர்ஸை ஒரு மீட்டிங்குக்குக்கூடக் கூப்பிடாம, நாலு வருஷத்துக்கு 13.7 கோடி டாலர் கான்ட்ராக்ட் போட்டு ஓக்லஹோமாவுலேயே தங்கினார். சின்ன ஊர் ஜெயிச்சிருச்சுன்னு கொண்டாடினாங்க. அடுத்த கோடையிலேயே, 2019 ஜூலைல, லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்கு டிரேட் கேட்டுட்டார். அதுக்கு விலையா ஓக்லஹோமாவுக்கு வந்தது ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டர்ங்கற 20 வயசுப் பையன், டனிலோ கலினாரி, அஞ்சு முதல் சுற்று டிராஃப்ட் பிக். அதுல ஒரு பிக்ல 2022-ல எடுத்தவர்தான் ஜேலன் வில்லியம்ஸ்.

இப்போ அந்த ஏழாவது மேட்ச்சுக்குத் திரும்ப வருவோம். ஒரு பக்கம் ஷாய், ஜேலன். எதிர்ப்பக்கம் ஹாலிபர்ட்டன். பால் ஜார்ஜ் ரெண்டு ஊரை வேண்டாம்னு சொன்னார். அந்த ரெண்டு ஊரும் அவர் போனதால கிடைச்ச ஆட்களை வெச்சு ஃபைனல்ஸுக்கு வந்தாங்க. கிளிப்பர்ஸோட அவர் இருந்த அஞ்சு சீசன்ல ஒருதடவைகூட ஃபைனல்ஸ் பக்கம் போகலை. இதைச் சொல்லும்போது எனக்குள்ள ஒரு அல்ப சந்தோஷம் இருக்கு, மறைக்க விரும்பலை. ஆனா அந்த சந்தோஷத்தோட நிறுத்திக்கிட்டா விஷயம் பிடிபடாது. அவர் ஏன் போனார்? அவர் மாதிரி ஏன் இத்தனை பேர் போறாங்க?

உடனே வர்ற பதில் நமக்கெல்லாம் தெரியும். பார்ட்டி, பீச், ஹாலிவுட், விளம்பரக் காசு. இதுல ஒவ்வொண்ணையும் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம்.

முதல்ல காசு. என்.பி.ஏ.வுல ஒரு பெரிய பிளேயருக்கு எவ்வளவு கொடுக்கலாம்ங்கறதுக்கு உச்சவரம்பு இருக்கு. சாலரி கேப்ல இத்தனை சதவீதம், அதுக்கு மேல கூடாது. லேக்கர்ஸ் எவ்வளவு பணக்கார டீமா இருந்தாலும் வெளியிலிருந்து வர்ற ஒருத்தருக்கு அந்த எல்லையைத் தாண்டித் தர முடியாது. சொல்லப்போனா ஏற்கெனவே அவர் ஆடிட்டிருக்கற டீம்தான் அதிகம் தர முடியும். அஞ்சு வருஷ கான்ட்ராக்ட், வருஷத்துக்கு 8 சதவீத உயர்வு. வெளியில போனா நாலு வருஷம், 5 சதவீதம். 2017-லேர்ந்து 'சூப்பர்மேக்ஸ்'னு இன்னொண்ணும் வந்தது: விருது வாங்கின பிளேயர் தன்னோட டீம்லேயே தங்கினா கேப்ல 35 சதவீதம் வரைக்கும். இதெல்லாம் சின்ன ஊர்களைக் காப்பாத்த எழுதின விதிகள்.

ஆனா அந்த உச்சவரம்பே சின்ன ஊர்களுக்கு எதிராவும் வேலை செய்யுதுன்னு நான் நினைக்கிறேன். உச்சவரம்பு இல்லைன்னா மெம்ஃபிஸ் ஒரு ஆளை இழுக்க ரெண்டு மடங்கு கொடுக்கலாம். இப்போ எல்லாக் கடையிலும் கிட்டத்தட்ட ஒரே விலை. விலை ஒண்ணா இருந்தா ஆள் வேற எதைப் பார்ப்பான்? ஊரைத்தான் பார்ப்பான், கூட ஆடறது யாருன்னு பார்ப்பான். உச்சவரம்பைத் தொடாத நடுத்தர பிளேயர்களுக்குத்தான் சின்ன ஊர்கள் கூட்டிக் கொடுக்க முடியும், கொடுக்கவும் செய்றாங்க. 2020-ல சார்லட் ஹார்னெட்ஸ் கார்டன் ஹேவர்டுக்கு நாலு வருஷத்துக்கு 12 கோடி டாலர் கொடுத்தப்போ எல்லாரும் வாயைப் பிளந்தாங்க. பாதி நாள் காயத்துலேயே போச்சு.

அடுத்தது வரி. ஃபுளோரிடாவுல மாநில வருமான வரி கிடையாது, அதனாலதான் மயாமின்னு சொல்வாங்க. சரி. டெக்சஸ்லயும் கிடையாது, டென்னசில சம்பளத்துக்கும் கிடையாது. அப்போ சான் அன்டோனியோவுக்கும் மெம்ஃபிஸுக்கும் பெரிய பிளேயர்கள் க்யூவுல நிக்கணுமே? கலிஃபோர்னியாவுல உச்ச வரி 13.3 சதவீதம், அங்கேதான் போகணும்னு துடிக்கிறாங்க. போதாக்குறைக்கு, 82 மேட்ச்ல பாதி வெளியூர்ல. எந்த மாநிலத்துல ஆடறாங்களோ அந்த மாநிலமும் அந்த நாட்களுக்கான பங்கை வெட்டிக்கும். கூட்டிக் கழிச்சுப் பார்த்தா வரி ஒரு காரணம்தான், தலையாய காரணம் இல்லை.

விளம்பரம்? இது ஒரு காலத்துல உண்மை. இப்போ பழைய கதை. கெவின் டுரான்ட் ஓக்லஹோமாவுல இருக்கும்போதே அவர் பேர்ல ஷூ வரிசை வந்தது. யானிஸ் ஆண்டெட்டோகவும்போ மில்வாக்கியில இருந்துக்கிட்டே தன் பேர்ல ஷூ விட்டார். போன்ல ஹைலைட்ஸ் பார்க்கறவனுக்கு அந்த ஆள் எந்த ஊர்ல ஆடறார்ங்கறது ஒரு பொருட்டே இல்லை. இங்கே காலை அஞ்சரைக்கு எழுந்து பார்க்கற நானே அதுக்கு சாட்சி.

அப்போ மிச்சம் என்ன? வாழ்க்கை. இங்கேதான் கொஞ்சம் நிதானிக்கணும்.

மில்வாக்கியை எடுத்துக்குவோம். மிச்சிகன் ஏரிக்கரையில இருக்கற ஊர், குளிர் எலும்பு வரைக்கும் இறங்கும். 1971-ல அந்த டீம் சாம்பியன் ஆனப்போ அதோட நடுநாயகம் 7 அடி 2 அங்குல ஆள், அப்போ பேர் லூ அல்சிண்டர். அதே வருஷம் கரீம் அப்துல்-ஜப்பார்னு பேரை மாத்திக்கிட்டார். நியூயார்க்ல பிறந்து வளர்ந்து, லாஸ் ஏஞ்சலஸ்ல காலேஜ் படிச்சவர். இஸ்லாமைத் தழுவின கறுப்பின இளைஞர், ஜாஸ் இசைப் பைத்தியம். 1974-ல டீம் நிர்வாகத்துக்கிட்ட தன்னை அனுப்பிடச் சொல்லிட்டார். ஊர் ஜனங்க மேல அவருக்குக் குறை இல்லை. தனக்கு வேண்டிய பண்பாட்டுச் சூழல் இங்கே இல்லை, தன் ஆட்கள் இங்கே இல்லைங்கறதுதான் அவர் சொன்னதோட சாரம். 1975-ல லேக்கர்ஸுக்குப் போனார். அஞ்சு சாம்பியன்ஷிப் அங்கே ஜெயிச்சார். மில்வாக்கி அடுத்த கோப்பைக்கு 50 வருஷம் காத்திருந்தது.

அந்த 50 வருஷத்தை முடிச்சு வெச்சவர் யானிஸ். ஏதென்ஸ்ல நைஜீரியக் குடியேறிகளோட பிள்ளையா, தெருவுல பை, கண்ணாடின்னு வித்துக்கிட்டு வளர்ந்தவர். 2013-ல பதினஞ்சாவது ஆளா மில்வாக்கி அவரை எடுத்தது. முதல் சீசன்ல ஒருநாள், கையில இருந்த பணத்தையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டு, டாக்சிக்குக் காசில்லாம அரங்கத்தை நோக்கி ஓட ஆரம்பிச்சார். வழியில ஒரு தம்பதி பார்த்துட்டு வண்டியில ஏத்திக்கிட்டுப் போய் விட்டாங்க. 2020 டிசம்பர்ல அஞ்சு வருஷத்துக்கு 22.8 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். 2021-ல கோப்பையை முடிச்ச மேட்ச்ல 50 பாயின்ட் எடுத்தார்.

ஊர் ஒண்ணுதான். ஒருத்தருக்கு அங்கே மூச்சு முட்டினது, இன்னொருத்தருக்கு அதுவே புகலிடமா இருந்தது. 'சின்ன ஊருக்கு யாரும் வரமாட்டாங்க'ன்னு சொல்லும்போது அந்த 'யாரும்' யாருன்னு பார்க்கணும். அமெரிக்கக் கறுப்பின இளைஞன் ஒருத்தன், 24 வயசு, கையில கோடிக்கணக்கில பணம், ஊரில தன்னைப் போல ஆட்கள் குறைவு, கடைக்குப் போனா எல்லாரும் திரும்பிப் பார்க்கறாங்க. முடிவெட்டிக்கற இடம், சாப்பிடற சாப்பாடு, சண்டே போற சர்ச், மனைவிக்கு வேலை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். இதையெல்லாம் 'கிளாமர்'ங்கற ஒரு வார்த்தையில அடைச்சுடறோம்.

யூட்டா ஜாஸ் விஷயத்துல இது ரொம்ப வெளிப்படையா இருந்தது. 1998 பிப்ரவரில ஒர்லாண்டோ டீம் ரோனி செய்க்கலியை யூட்டாவுக்கு டிரேட் பண்ணாங்க. ஆள் குறிச்ச நேரத்துக்குப் போய்ச் சேரவே இல்லை, டிரேட் ரத்தாச்சு. கவனிங்க, அது தோத்துக்கிட்டிருந்த டீம் இல்லை! ஜான் ஸ்டாக்டனும் கார்ல் மலோனும் ஆடின டீம். அந்த சீசன்லயும் ஃபைனல்ஸ் போச்சு. 1999-ல ஸ்டீவ் ஃபிரான்சிஸ் வான்கூவருக்கு ஆட மாட்டேன்னு அடம்பிடிச்சு ஹூஸ்டனுக்குப் போனார். வான்கூவர் அழகான, பெரிய ஊர். அவருக்கோ வீட்டிலிருந்து ரொம்ப தூரம், வேற நாடு. ரெண்டு வருஷத்துல அந்த டீமே மூட்டை கட்டிக்கிட்டு மெம்ஃபிஸ் போயிருச்சு.

சரி, இப்போ எதிர்க்கேள்வி. கிளாமர்தான் எல்லாம்னா நியூயார்க் நிக்ஸ் என்ன பாவம் பண்ணாங்க? 2010-ல லெப்ரான் ஜேம்ஸுக்காகக் காத்திருந்தாங்க, அவர் மயாமிக்குப் போனார். 2019-ல கெவின் டுரான்ட், கைரி இர்விங் ரெண்டு பேருக்காகவும் காத்திருந்தாங்க, ரெண்டு பேரும் அதே நகரத்துல இருக்கற புரூக்ளினைத் தேர்ந்தெடுத்தாங்க. உலகத்துலேயே பேர்போன அரங்கம் நிக்ஸோடது. ஆனா நிர்வாகம் குழப்பம்னு பிளேயர்களுக்குத் தெரியும். அவங்க தங்களுக்குள்ள பேசிக்கறாங்க, ஏஜென்ட்டுகள் பேசிக்கறாங்க.

என்னைக் கேட்டா விஷயத்தோட முடிச்சு இங்கேதான் இருக்கு. பெரிய ஊர் டீம் தப்பு பண்ணினா இன்னொரு ஆள் வருவான். லேக்கர்ஸ் வருஷக்கணக்கா மோசமா ஆடிட்டு 2018-ல லெப்ரானை வாங்கினாங்க. 2019-ல நியூ ஆர்லியன்ஸ்லேர்ந்து ஆன்தனி டேவிஸ், 2020-ல கோப்பை. சின்ன ஊர் டீமுக்கு ஒரு தப்புக்குத்தான் இடம் உண்டு. பல சமயம் அந்தத் தப்பு கஞ்சத்தனம்.

2012-ல ஓக்லஹோமாகிட்ட டுரான்ட், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக், ஜேம்ஸ் ஹார்டன் மூணு பேரும் இருந்தாங்க. எல்லாரும் 23, 24 வயசு. அந்த வருஷம் ஃபைனல்ஸும் போனாங்க. ஹார்டன் கேட்டதுக்கும் டீம் தர்றேன்னதுக்கும் நடுவுல இருந்த வித்தியாசம் நாலு வருஷத்துக்கும் சேர்த்து ஒரு கோடி டாலர்கூட இல்லைன்னு அப்போ செய்தி வந்தது. சம்பளப் பட்டியல் எல்லை தாண்டினா லக்சுரி டாக்ஸ்னு லீகுக்கு அபராத வரி கட்டணும். கட்ட மனசில்லை. சீசன் தொடங்கறதுக்குச் சில நாள் முன்னாடி ஹார்டனை ஹூஸ்டனுக்கு அனுப்பிட்டாங்க. அப்புறம் அந்த மூணு பேருமே வெவ்வேறு வருஷத்துல எம்.வி.பி. வாங்கினாங்க.

2016 ஜூலை 4-ம் தேதி டுரான்ட் கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனார். ஒரு மாசம் முன்னாடி 3-1 முன்னிலையில இருந்த தன்னைத் தோற்கடிச்ச அதே டீமுக்கு. ஓக்லஹோமாவுல அவரோட ஜெர்சியை எரிச்ச வீடியோக்கள் வந்தது. அப்போ நானும் அவரைத் திட்டினவன்தான். அவர் போன டீம் விஷயத்துல இப்பவும் எனக்குக் கொஞ்சம் கசப்பு உண்டு. ஆனா ஊரை விட்டதுக்காகத் திட்டினதை வாபஸ் வாங்கிக்கிறேன்.

ஏன்னா, டுரான்ட் ஓக்லஹோமாவைத் தேர்ந்தெடுத்ததே இல்லை. 2007-ல அவரை எடுத்தது சியாட்டில். ஒரு சீசன் அங்கே ஆடினார். 2008-ல உரிமையாளர்கள் டீமையே ஓக்லஹோமாவுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. 41 வருஷம் அந்த டீமைக் கொண்டாடின சியாட்டில் வெறுங்கையோட நின்னது. அதை எந்த டிவியும் துரோகம்னு ஒரு வாரம் விவாதம் நடத்தலை. அரங்கம், குத்தகை, வியாபாரம்னு பேசினாங்க.

டிராஃப்ட் வேலை செய்யற விதத்தைப் பாருங்க. 19 வயசுல உன் பேரை ஒருத்தர் மேடையில படிப்பார், அந்த ஊருக்கு நீ போகணும். முதல் கான்ட்ராக்ட் நாலு வருஷம், கடைசி ரெண்டு வருஷம் டீமோட இஷ்டம். அது முடிஞ்சாலும் வேற டீம் தர்ற கான்ட்ராக்டை உன் டீம் அப்படியே ஈடுகட்டி உன்னை நிறுத்திக்கலாம். பெரிய ரெண்டாவது கான்ட்ராக்ட் வேணும்னா அதே டீம்லதான் போடணும். ஆக, நினைச்ச இடத்துக்குப் போகலாம்ங்கற உரிமை முதல்முறையா கையில வர்றதுக்கு ஏழு, எட்டு, ஒன்பது வருஷம் ஆகும். லெப்ரான் கிளீவ்லேண்ட்ல ஏழு வருஷம். டுரான்ட் ஒன்பது. நியூ ஆர்லியன்ஸ்ல டேவிஸ் ஏழாவது சீசன்ல டிரேட் கேட்டார், அதை ஏஜென்ட் வெளியில சொன்னதுக்கு லீக் 50,000 டாலர் அபராதம் போட்டது.

டீம் உன்னை அனுப்பணும்னா ஒரு போன் போதும். பிளேக் கிரிஃபின் கதை ஞாபகம் இருக்கா? 2017 கோடையில கிளிப்பர்ஸ் அவரைத் தங்க வைக்க, காலி அரங்கத்துல அவர் ஜெர்சியை மேலே ஏத்தற மாதிரி ஒரு நிகழ்ச்சியே நடத்திக் காட்டினாங்க. வாழ்நாள் முழுக்க நீ எங்க ஆள்னு. ஆள் நெகிழ்ந்து அஞ்சு வருஷம் கையெழுத்துப் போட்டார். ஆறேழு மாசத்துல, 2018 ஜனவரியில, டெட்ராய்ட்டுக்கு அனுப்பிட்டாங்க.

ஷாய்க்கும் இதேதான் நடந்தது. லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு சீசன் ஆடின பையனை யாரும் கேக்காம ஓக்லஹோமாவுக்கு அனுப்பினாங்க. அங்கே ரெண்டாவது சீசன்ல 22 வெற்றி, 50 தோல்வி. மூணாவதுல 24 வெற்றி, 58 தோல்வி. ஆனா சாம் பிரெஸ்டிங்கற ஜெனரல் மேனேஜர் பொறுமையா டிராஃப்ட் பிக்குகளை அடுக்கிக்கிட்டே வந்தார். 2024-25ல 68 வெற்றி, கோப்பை. ஷாய் எம்.வி.பி.யும் ஆனார், ஃபைனல்ஸ் எம்.வி.பி.யும் ஆனார். அடுத்த மாசமே நாலு வருஷத்துக்கு 28.5 கோடி டாலர் நீட்டிப்பு போட்டார். அந்த டீம்ல நடுவுல நின்ன ஐசையா ஹார்ட்டன்ஸ்டைன் எங்கிருந்து வந்தார் தெரியுமா? நியூயார்க்லேர்ந்து. நிக்ஸ் எவ்வளவு தரலாம்ங்கறதை விதி கட்டிப்போட்டிருந்தது; ஓக்லஹோமா மூணு வருஷத்துக்கு 8.7 கோடி தந்தது. கிளம்பி வந்துட்டார்.

இண்டியானாவுக்கும் பாஸ்கல் சியாக்கம் டிரேட்லதான் வந்தார், 2024 ஜனவரியில. அந்தக் கோடையிலேயே ஃப்ரீ ஏஜென்ட் ஆகியிருக்கலாம். அங்கேயே கையெழுத்துப் போட்டார். வர வைக்கறதுதான் கஷ்டம், வந்தவரைத் தங்க வைக்கறது அவ்வளவு கஷ்டமில்லைன்னு இந்த ரெண்டு டீமையும் பார்த்தா தோணுது. அந்த ஏழாவது மேட்ச்ல முதல் கால்பகுதியிலேயே ஹாலிபர்ட்டனோட அகில்லிஸ் தசைநார் அறுந்தது. இண்டியானா 103-91னு தோத்தது. அது இல்லாம இருந்திருந்தா இன்னைக்கு எபிசோடே வேற மாதிரி போயிருக்கும்.

இன்னும் ஒரே ஒருத்தர். டேமியன் லில்லர்ட். ஓக்லண்ட்ல பிறந்தவர், போர்ட்லண்ட்ல 11 சீசன். போகாம இருக்கறதையே தன் அடையாளமா வெச்சிருந்த ஆள். அவரே 2023-ல மயாமிக்கு அனுப்புங்கன்னு கேட்டார். டீம் அவரை மில்வாக்கிக்கு அனுப்பினது. பிள்ளைங்க போர்ட்லண்ட்லயே இருந்தாங்க. 2025 பிளேஆஃப்ஸ்ல அவருக்கும் அகில்லிஸ் அறுந்தது. மில்வாக்கி அவரை விடுவிச்சிருச்சு. அடுத்த சீசன் முழுக்க ஆட முடியாத ஒரு 35 வயசுக்காரரா, யார்கூட வேணாலும் பேசலாம்ங்கற நிலைமையில, அவர் போர்ட்லண்டுக்கே திரும்பிப் போனார். மூணு வருஷம், 4.2 கோடி டாலர். கூடவே இந்த லீக்ல ரொம்பச் சில பேருக்கு மட்டுமே கிடைக்கற ஒரு ஷரத்தையும் கேட்டு வாங்கினார்: இனிமே அவர் சம்மதிக்காம அவரை எந்த ஊருக்கும் டிரேட் பண்ண முடியாது.

இன்னைக்கு இவ்வளவுதான். உங்க டீமை விட்டுப் போனவங்கள்ல இன்னமும் நீங்க மன்னிக்காத ஆள் யாருன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல படிக்கிறேன்.